கிட்டார்க் கழுத்தும் இடக்கையும்: ஒரு வடிவத்தின் இருநூறு ஆண்டுகள்

உலோகக் கம்பி பூட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போது மரம், உடலின் அளவு, ஒலியின் தன்மை ஆகியவையே முதலில் பேசப்படுகின்றன என்றாலும், வாங்கிய கருவி நாள்தோறும் கையில் எடுக்கப்படுமா, சுவரில் தொங்கிக் கிடக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் கழுத்துதான். கழுத்தின் வசதி மூன்று அளவுகளில் அடங்கியிருக்கிறது. கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைப் பள்ளங்களில் ஏந்தி இடைவெளி பிரித்துத் தரும் சிறு எலும்புத் துண்டு நட் எனப்படும். அதன் அகலம் முதல் அளவு. விரற்பலகையின் மேற்பரப்பிலிருந்து கழுத்தின் முதுகு வரையுள்ள தடிமன் இரண்டாவது. அந்த முதுகு உள்ளங்கையில் எந்த வளைவோடு அமர்கிறது என்னும் குறுக்குவெட்டு வடிவம் மூன்றாவது. இவ்வடிவங்களைக் கிட்டார்த் தொழிலில் ஆங்கில எழுத்துகளின் தோற்றத்தைக் கொண்டு அழைக்கிறார்கள்: நடுவில் முகடு எழும்பி இருபுறமும் சரிவது வி, சீராக வளைவது சி, முதுகு தட்டையாகி ஓரங்கள் மட்டும் உருள்வது டி (D), ஓரங்களிலும் மரம் நிறைந்து பருத்திருப்பது யு.

இவை மனிதக் கையை அளந்து பார்த்து வகுக்கப்பட்ட வடிவங்கள் என்று எண்ணுவது இயல்பு. கருவியின் வரலாறு அவ்வெண்ணத்துக்கு அதிகம் இடம் தருவதில்லை. கம்பியின் இழுவிசை, மரத்துக்குள் புதைக்கப்பட்ட வலுவூட்டல், வேறு வாத்தியத்திலிருந்து கிட்டாருக்கு மாறிவந்த கலைஞர்களின் பழக்கம், தொழிற்சாலையின் இயந்திரம் ஆகிய நான்குமே கழுத்தைச் செதுக்கியிருக்கின்றன. கை ஒவ்வொரு முறையும் பின்னால் வந்து, கிடைத்ததற்குப் பழகி, பழகியதையே வசதி என்று கொண்டிருக்கிறது.

ஆறு ஒற்றை நரம்புகள் கொண்ட கிட்டார் ஐரோப்பாவில் நிலைபெற்ற 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இடக்கைக் கட்டைவிரலைப் பற்றிய கருத்து வேற்றுமை எழுந்துவிட்டது. நேப்பிள்ஸில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஃபெர்டினான்டோ கருல்லி (1770–1841), கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலாகக் கொண்டுவந்து ஆறாம் நரம்பை அழுத்தும் முறையைத் தம் பயிற்சி நூலில் ஆதரித்தார். பார்சிலோனாவைச் சேர்ந்தவரும் பிற்காலத்தில் அதே பாரிஸில் வாழ்ந்தவருமான ஃபெர்னான்டோ சோர் (1778–1839), 1830இல் வெளியிட்ட தம் நூலில், கட்டைவிரல் கழுத்தின் பின்புறத்தில் நின்று மற்ற விரல்களுக்கு எதிர்த்தாங்கலாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். இருவரும் வாசித்தவை ஏறத்தாழ ஒரே வகைக் கருவிகள். குடல்நரம்பு பூட்டிய அக்கிட்டார்கள் உடலிலும் கழுத்தகலத்திலும் இன்றைய ஸ்பானியக் கிட்டாரைவிடச் சிறியவை. கழுத்தின் குறுகலே கருல்லி சொன்ன பிடிக்கு இடம் கொடுத்தது. இப்பிணக்கு பின்னாளில் இரண்டு தனித்தனிக் கழுத்துகளாகவே உருவெடுத்துவிட்டது என்று சொல்வதில் மிகையில்லை.

சோரின் பக்கம் வென்ற இடம் ஸ்பெயின். அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ டி டோரஸ் (1817–1892) கிட்டாரின் உடலை அகலமாக்கி, நரம்பு அதிரும் நீளத்தை 650 மி.மீ. அளவில் அமைத்தார், பின்வந்த ஸ்பானியக் கைவினைஞர்கள் அதையே அளவுகோலாகக் கொண்டனர். பிரான்சிஸ்கோ தாரெகாவின் (1852–1909) வழியில் பரவிய அமர்வு முறையில் இடக்கால் சிறு முக்காலியின் மீது உயர்ந்திருக்கும். கருவி இடத்தொடையில் சாய்ந்து நிற்பதால் கழுத்து மேல்நோக்கி எழும். கழுத்தைத் தாங்கும் வேலை கைக்கு இல்லாததால் கட்டைவிரல் பின்புறத்தில் தளர்வாக நிற்க முடியும். இத்தகைய கைக்கு அகலமான, முதுகு தட்டையான கழுத்து இடையூறாவதில்லை. இன்றைய செவ்வியல் கிட்டாரின் நட் 52 மி.மீ. அகலம் கொண்டது, விரற்பலகையும் வளைவின்றித் தட்டையாகவே இருக்கும். உலோகக் கம்பிக் கிட்டாரிலிருந்து வந்த ஒருவர் இக்கருவியைத் தொடையில் கிடத்தி, கழுத்தை முழுக் கையாலும் பற்றி வாசிக்க முயன்று மணிக்கட்டு வலிக்கிறது என்று சொன்னால், அவர் குறைகூற வேண்டியது கழுத்தை அன்று, அமர்வை.

மற்றொரு வழி வியன்னாவிலிருந்து கிளைத்தது. யோஹான் கியோர்க் ஸ்டாஃபர் (1778–1853) அங்கே செய்த கிட்டார்களில் சில, கடிகாரச் சாவி போன்ற ஒன்றைத் திருகிக் கழுத்தின் சாய்வை மாற்றக்கூடியவை. நரம்பின் உயரத்தை வாசிப்பவரே திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவ்வளவு பழையது. அவர் மரபில் பயின்ற கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் மார்ட்டின் (1796–1873), சாக்சனியின் மார்க்நாய்கிர்ஹனில் கிட்டார் செய்யும் உரிமை தச்சர் சங்கத்துக்கா வயலின் செய்வோர் சங்கத்துக்கா என்று நீண்ட வழக்கு நடந்துகொண்டிருந்த சூழலில், 1833இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். நியூயார்க்கில் சில ஆண்டுகள் கடை நடத்திய பின் பென்சில்வேனியாவின் நாசரேத்தில் குடியேறினார். அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் அங்கேயே இயங்குகிறது. அதன் 19ஆம் நூற்றாண்டுக் கிட்டார்களில் வி வடிவக் கழுத்து பரவலாகக் காணப்படுகிறது.

வி வடிவத்தின் காரணத்தை மரத்தின் இயல்பில் தேட வேண்டும். ஒரு மரச்சட்டத்தின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் படிக்கு ஏற்ப மாறும், 22 மி.மீ. தடிமனை 20 மி.மீ. ஆகக் குறைத்தால், இழைத்து எடுத்தது பதினொன்றில் ஒரு பங்கு மரமே என்றாலும், விறைப்பில் ஏறத்தாழக் கால்பங்கு போய்விடும். ஆகவே கழுத்தை மெலிக்க விரும்பிய தச்சர் நடுத்தடிமனைத் தொடாமல் தோள்களை மட்டும் சரித்தார். முகடு கழுத்தைத் தாங்கியது, சரிவு கைக்கு இடம் விட்டது. இருபுறமும் கைப்பிடி உள்ள இழுப்புக்கத்தியால் சீவி, அரத்தால் ராவி, கண்ணையும் கையையும் நம்பி முடித்த வேலை இது என்பதால், ஒரே மாதிரியைச் சேர்ந்த இரு கிட்டார்களின் கழுத்துகள்கூட அக்காலத்தில் அப்படியே ஒத்திருக்கவில்லை.

கழுத்தின் மரமும் இக்கணக்கில் சேரும். மார்ட்டின் நிறுவனம் தொடக்கத்தில் மணமுள்ள ஸ்பானிய சீடர் மரத்தையும், 1916ஐ ஒட்டி மகாகனியையும் பயன்படுத்தியது. இரண்டுமே வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை, எளிதில் முறுக்கிக்கொள்ளாதவை, கத்திக்கு இணங்குபவை. சீடர்க் கழுத்தில் தலைப்பகுதி தனித்துண்டாகச் செய்து பொருத்தப்பட்டதால், பொருத்தின் பின்புறத்தில் சாய்சதுர வடிவில் ஒரு மேடு இருந்தது. மகாகனிக் கழுத்து ஒரே துண்டாகச் செதுக்கப்பட்ட பிறகு அம்மேட்டுக்குத் தேவையில்லை. ஆயினும் சில மாதிரிகளில் அது அலங்காரமாக இன்றும் செதுக்கப்படுகிறது, விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான மெட்டுகளில் முதலாவதன் அருகே கை வைப்பவரின் கட்டைவிரல் அதை உணர்கிறது. விரற்பலகைக்குக் கருங்காலியும் ஈட்டி மரமும் பயன்பட்டன. பிரேசில் ஈட்டி அரிதானபோது, 1969இல், மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. நீலகிரி உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைகளில் தோதகத்தி என்று வழங்கும் அம்மரம் அமெரிக்கக் கிட்டாரின் முதுகாகவும் பக்கங்களாகவும் விரற்பலகையாகவும் ஆனது அவ்வழியில்தான்.

கழுத்தின் வரலாற்றில் பெரும் உடைப்பு எஃகுக் கம்பி. குடல்நரம்புத் தொகுதியோ, 1940களில் அதன் இடத்தைப் பிடித்த நைலான் தொகுதியோ கழுத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோகிராம். மெல்லிய வகை எஃகுத் தொகுதி இழுப்பது 70 கிலோகிராமுக்கும் மேல். சான்பிரான்சிஸ்கோவில் 1915இல் நடந்த பனாமா–பசிபிக் கண்காட்சிக்குப் பின் அமெரிக்காவெங்கும் பரவிய ஹவாய் இசை மோகம் எஃகுக் கம்பிக்கான தேவையை வளர்த்தது. இதில் ஒரு முரண் உண்டு. ஹவாய் முறையில் கிட்டாரை மடியில் மல்லாத்தி, கம்பிகளின் மேல் உலோகத் துண்டை வழுக்கவிட்டு வாசிப்பார்கள். இடக்கை கழுத்தைப் பற்றுவதே இல்லை. அதனால்தான் மடியில் வைத்து வாசிக்கும் கிட்டார்கள் பலவற்றின் கழுத்து சதுரமாகவே விடப்பட்டது. 1927இல் வந்த நேஷனல் நிறுவனத்தின் உலோகக் கிட்டார்களிலும் சதுரக் கழுத்து, உருண்டைக் கழுத்து என இரு வகைகள் இருந்தன. கழுத்தின் முதுகைத் தொடாமல் வாசித்தவர்கள் கேட்ட கம்பி, அதைத் தொட்டு வாசிப்பவர்களின் கழுத்தை நிரந்தரமாக மாற்றிவிட்டது. மார்ட்டின் நிறுவனம் 1922இல் 2-17 என்னும் மலிவான மாதிரியை எஃகுக் கம்பிக்கென்றே அமைத்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதன் பெரும்பாலான மாதிரிகள் எஃகுக்கு மாறிவிட்டன.

ஏறத்தாழ இரு மடங்கு இழுவிசையை மரம் மட்டும் தாங்குவதானால் கழுத்து பருக்க வேண்டும், பருமன் கைக்கு உதவாது. இந்த முடிச்சை இரு நிறுவனங்கள் இரு வழிகளில் அவிழ்த்தன. மிச்சிகனின் கலமசூவிலிருந்த கிப்சன் நிறுவனத்தின் தேடியஸ் மெக்ஹியூ, கழுத்துக்குள் அகழ்ந்த கால்வாயில் எஃகுத் தண்டொன்றைப் பதித்து, தலைப்பகுதியில் இருக்கும் திருகை முறுக்கி அதை இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற ஏற்பாட்டுக்கு 1923இல் காப்புரிமை பெற்றார். ட்ரஸ் ராடு என்று கிட்டார்க் கலைஞர்கள் அனைவரும் அறிந்த அந்தத் தண்டு, கம்பிகளின் இழுப்பால் கழுத்து முன்வளைவதை எதிர்த்துப் பின்னோக்கி இழுக்கிறது. விறைப்பு எஃகின் பொறுப்பானதால் மரத்தைக் குறைக்கத் துணிவு வந்தது. மார்ட்டின் நிறுவனமோ திருக முடியாத வலுவூட்டலிலேயே நெடுங்காலம் நின்றது: 1934 வரை கழுத்துக்குள் கருங்காலிப் பட்டை, அதன்பின் ஆங்கில டி (T) எழுத்தைப் போன்ற குறுக்குவெட்டுடைய எஃகுச் சட்டம். கழுத்து வளைந்துவிட்டால் திருகால் திருத்த வழியில்லை, பழுதுபார்ப்பவர் கழுத்தைக் கழற்றிச் சாய்வை மாற்றியோ மெட்டுகளை எடுத்துப் பதித்தோதான் சரிசெய்ய வேண்டும்.

அகலம் குறைந்த கதைக்குக் காரணம் எஃகு அன்று, பாஞ்சோ. 1920களின் நடன இசைக்குழுக்களில் தாளம் பிடித்த வாத்தியம் அதுவே. ரசனை கிட்டாரின் பக்கம் திரும்பத் தொடங்கியதும், நீண்டு குறுகிய கழுத்துக்குப் பழகியிருந்த பாஞ்சோ கலைஞர்களுக்குக் கிட்டாரின் கழுத்து அகலமாகவும் குட்டையாகவும் பட்டது. மார்ட்டின் கிட்டார்களில் அப்போது கழுத்து உடலோடு சேரும் இடம் 12ஆம் மெட்டு, நட் அகலம் ஒன்றே முக்கால் அங்குலத்துக்கும் கூடுதலாக, ஏறத்தாழ 48 மி.மீ. அட்லாண்டாவைச் சேர்ந்த பாஞ்சோ கலைஞர் பெரி பெக்டெல் 1929இல் இன்னும் நீளமான, குறுகிய கழுத்தைக் கேட்டார். நிறுவனம் 000 என்னும் தன் மாதிரியின் தோள்களைத் தட்டையாக்கி உடலைச் சற்றுச் சுருக்கி, 14ஆம் மெட்டில் சேரும் கழுத்தை அமைத்தது; நட் ஒன்றே முக்கால் அங்குலம், அதாவது 44.5 மி.மீ. ஆனது. ஆர்கெஸ்ட்ரா மாடல் என்று பெயரிட்டு, ஓ.எம். என்று சுருக்கி அழைக்கப்பட்ட அக்கிட்டாரின் அமைப்பே உலோகக் கம்பிக் கிட்டாரின் பொது இலக்கணமாயிற்று. பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரைத் தாங்கிய பேருடல் கிட்டாரான ட்ரெட்நாட்டும் 1934இல் 14 மெட்டுக் கழுத்துக்கு மாறியது. 1939இல் அதன் நட் மேலும் சுருங்கி 43 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாயிற்று. 44.5க்கும் 43க்கும் இடையிலுள்ள ஒன்றரை மில்லிமீட்டரைக் கேலியாக எண்ணத் தோன்றலாம். ஆறு கம்பிகளுக்கிடையே பங்கிட்டால் ஐந்து இடைவெளிகளில் ஒவ்வொன்றுக்கும் 0.3 மில்லிமீட்டர் அளவே வரும். ஆயினும் வலக்கை விரல்களால் தனித்தனியே கம்பிகளைப் பறித்து வாசிப்பவர்கள் அகலத்தையும், தகட்டால் அடித்துப் பாடலுக்குத் துணை வாசிப்பவர்கள் குறுகலையும் இன்றுவரை பிடிவாதமாகக் கேட்டு வாங்குகிறார்கள்.

குறுகிய கழுத்து கருல்லியின் கட்டைவிரலுக்கு மறுபிறப்பு அளித்தது. கென்டக்கியின் மெர்ல் டிராவிஸ் (1917–1983) கழுத்தை முழுக் கையால் அணைத்து, அடிக்கம்பிகளைக் கட்டைவிரலால் அழுத்தி வாசித்ததில் புகழ் பெற்றவர். புளூஸ் கலைஞர்கள் பலரிடமும் அப்பிடி உண்டு. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவடு வி வடிவத்தின் முகட்டை இயல்பாக ஏற்பதால், இத்தகைய கைக்கு வி வசதியானது. அதே முகடு, கட்டைவிரலைப் பின்னால் ஊன்றி, சுட்டுவிரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்தும் பாரே ஸ்வரக்கூட்டில் நெடுநேரம் நிற்கும் கைக்கு, கட்டைவிரலின் சதையில் உறுத்தும். அவ்விடத்தில் டி வடிவத்தின் தட்டை முதுகே இதம். ஒரே கிட்டாரை ஒருவர் புகழ்வதும் மற்றவர் வெறுப்பதும் பெரும்பாலும் கையின் அளவால் நேர்வதில்லை, கட்டைவிரல் நிற்கும் இடத்தால் நேர்கிறது. சிறு கைக்கு மெல்லிய கழுத்து, பெரிய கைக்குப் பருத்த கழுத்து என்று கடைகளில் சொல்லப்படும் எளிய விதி இதனாலேயே அடிக்கடி பொய்க்கிறது. மிக மெல்லிய கழுத்தை இறுக்கிப் பிடிக்கும்போது கட்டைவிரலின் அடித்தசை அதிகம் சுருங்க வேண்டியிருப்பதால், சிறு கைகளும் அதில் விரைவில் சோர்வதுண்டு.

இரண்டாம் உலகப்போர் இந்தக் கணக்குகளைச் சில ஆண்டுகளுக்குக் குலைத்தது. உலோகம் போருக்குப் போனதால் மார்ட்டின் நிறுவனம் மீண்டும் கருங்காலிப் பட்டைக்குத் திரும்பியது. கிப்சனின் போர்க்காலக் கிட்டார்களில் சில ட்ரஸ் ராடு இல்லாமலே வெளிவந்தன, எஃகில்லாத குறையை மரத்தால் ஈடுகட்டும்படி அவற்றின் கழுத்து பேஸ்பால் மட்டைக்கு ஒப்பிடப்படும் அளவுக்குப் பருத்திருந்தது. எந்தக் கலைஞரும் கேட்காத அந்தப் பருமனை இன்று தேடிச் சென்று வாங்குவோர் உண்டு.

போருக்குப் பின் மின்கிட்டாரின் செல்வாக்கு ஓங்கியது. மெல்லிய கம்பியும் மெல்லிய கழுத்தும் கொண்ட அக்கருவியில் பழகிய தலைமுறை அக்கூஸ்டிக் கிட்டாரிலும் அதையே எதிர்பார்த்தது. கிப்சன் 1960ஐ ஒட்டிக் கழுத்தின் தடிமனைக் குறைத்தது; 1965இல் நட்டையும் 40 மி.மீ.க்குச் சுருக்கியது. இது மிகையான முடிவு என்றே கூற வேண்டும்: அவ்வகலத்தில் ஒரு கம்பியை அழுத்தும் விரலின் நுனி அடுத்த கம்பியைத் தொட்டு அதன் ஒலியைக் கெடுக்கிறது, பழைய கிட்டார்ச் சந்தையிலும் அக்காலக் கருவிகள் முந்தையவற்றைவிட மதிப்புக் குறைந்தே விற்கின்றன.

கலிபோர்னியாவில் பாப் டெய்லரும் கர்ட் லிஸ்டக்கும் 1974இல் தொடங்கிய டெய்லர் நிறுவனம் இதைவிடக் கவனமான வழியில் சென்றது. கழுத்தைப் பசையிட்ட புறாவால் பொருத்தில் இறுக்கும் பழைய முறையை விட்டு மறையாணிகளால் பூட்டியதும், கழுத்தை மெல்லியதாகவும் கம்பிகளைத் தாழ்வாகவும் அமைத்ததும், மின்கிட்டாரிலிருந்து வருபவர்களுக்கு அதன் கருவிகளை எளிதாக்கின. மார்ட்டின் நிறுவனமே, கிப்சன் காப்புரிமை பெற்று அறுபதாண்டுகளுக்குப் பின், 1985இல் திருகக்கூடிய ட்ரஸ் ராடை ஏற்றது. அதோடு தாழ்முதுகுக் கழுத்துகளும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. கணினி வழி இயங்கும் செதுக்கு இயந்திரங்கள் கிட்டார்த் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்ததும் இழுப்புக்கத்தியின் தற்செயல் மறைந்தது. கழுத்தின் வடிவம் மில்லிமீட்டரின் சிறு பின்னம் வரை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரலாயிற்று. வாங்குபவர் கடையில் சோதித்த கழுத்தும் பெட்டியில் வரும் கழுத்தும் ஒன்றாயின.

வடிவம் நிலைப்பட்டதும் பழைய வடிவங்களின் மீது ஆசை பிறந்தது. கிட்டார்க் கலைஞர் எரிக் கிளாப்டன் 1992இல் எம்.டி.வி. நிகழ்ச்சியில் மார்ட்டினின் 1939ஆம் ஆண்டு 000-42 கிட்டாரை வாசித்ததும், 1995இல் அவர் பெயரில் மார்ட்டின் வெளியிட்ட மாதிரியில் முகடு மழுங்கிய வி கழுத்து அமைந்ததும் அவ்வாசைக்கு உரமிட்டன. 2018இல் நிறுவனம் தன் வழக்கமான வரிசையைத் திருத்தியமைத்தபோது, ட்ரெட்நாட்டின் நட் 1939க்கு முந்தைய 44.5 மி.மீ.க்குத் திரும்பியது, ஆனால் 12ஆம் மெட்டருகே பழைய 57 மி.மீ.க்குப் பதில் 54 மி.மீ. மட்டுமே வைத்து, மேலே அகலமும் கீழே குறுகலுமாக, விரலால் பறிப்பவரையும் தகட்டால் அடிப்பவரையும் ஒருசேர நிறைவுசெய்யப் பார்த்தார்கள். அதே நிறுவனம் 1930களின் கருவிகளை அச்சொட்டாகப் படியெடுக்கும் ஆத்தென்டிக் வரிசையையும் செய்கிறது. அக்கழுத்துகள் பலவற்றுக்குள் இருப்பது 1934இன் டி (T) வடிவ எஃகுச் சட்டம். திருகினால் அசையாத அக்கழுத்துக்கு, திருகக்கூடிய கழுத்துள்ள வழக்கமான கிட்டாரைவிட வாங்குபவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.